அருகு நட்ட உக்கிரபாண்டி

உக்கிரபாண்டிக்குப் பேரில்தான் உக்கிரம். ஆள் பஞ்சு மாதிரி. சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊரில் பிறந்து, மீசை முளைக்கும்வரை அடுத்தவர் பருத்திக் காட்டில் களை எடுத்தான். மழை பொய்த்த வருஷங்களில் ஊரோடு சேர்ந்து அவனும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறினான். மருந்து கலக்கும் அறையில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது அலுமினியப் பொடி படிந்து உள்ளங்கை ரேகையெல்லாம் வெள்ளிக் கம்பியாக மின்னும்.

இரண்டாயிரத்து மூன்றில், தீபாவளி சீசன் நெருக்கத்தில், அடுத்த அறை வெடித்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் அவனுக்கு உயிர் தங்கியது. முதுகெல்லாம் தீக்காயம். காது போய்விட்டது. யாராவது வலது காதில் வாயை ஒட்டிவைத்துப் பேசினால் மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஏதோ வந்து சேரும்.

மதுரை ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்தே நாள்கள் போயின. தலையைத் திருப்பினால் சன்னல், சன்னலுக்கு அப்பால் ஒரு புல்தரை. காலையில் ஒருவர் ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார். அது வெயிலில் பொடிப்பொடியாகச் சிதறி, சத்தமே இல்லாமல் இறங்கும். நோயாளிகளைப் பார்க்க வந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் உருண்டு, வாய் நிறையச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கும் சத்தம் கிடையாது. மாத்திரை மயக்கத்தில் அது நிஜமா கனவா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கண்ணை மூடினாலும் இமைக்குள் அந்தப் பச்சை அசையாமல் நின்றது.

எழுந்து நடக்கலாம் என்று சொன்ன அன்றைக்கு, மனைவி குருவம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே அங்கேதான் போனான். குனிந்து ஒரு தண்டைத் தூக்கிப் பார்த்தான். கணுவுக்குக் கணு வேர்.

"ஏளா, இது அருகுல்லா!" என்று கத்தினான். காது போனதிலிருந்து அவன் பேச்சு எல்லாமே கத்தல்தான். "நம்ம காட்டுல பிடுங்கிப் பிடுங்கி எறிவோமே, அந்த அருகு!"

சின்ன வயதில் அவன் விரல்நகம் தேய்ந்தது இந்த அருகம்புல்லோடு மல்லுக்கட்டித்தான். ஒரே ஒரு கணு மண்ணுக்குள் தங்கிவிட்டால் போதும், அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும். அதைப் போய் இங்கே பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல வளர்க்கிறார்கள்!

கம்பெனியில் அவனை மறுபடி மருந்தறைக்குள் விடவில்லை. வெளிவேலை கொடுத்தார்கள். பட்டாசு அறைகளைச் சுற்றிப் புல் இருக்கக் கூடாது, காய்ந்தால் தீப்பிடிக்கும். அதைச் செதுக்கிக் கட்டாந்தரையாக வைத்திருக்க வேண்டும். மழைக்குப் பிறகு அங்கே முளைத்ததில் பாதிக்குமேல் அருகுதான். அள்ளிக்கொண்டு போய்க் குழியில் கொட்டுவான். ஒருநாள் கொட்டவில்லை. ஒரு கட்டு அருகை ஈரத்துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

வீட்டுக்கு முன்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் கிடந்தது. கல் பொறுக்கினான், ஆழமாகக் கொத்தினான். கரிசல் வெயிலுக்கு வாய் பிளக்கும் என்று ஓடை மணலும் மக்கிய ஆட்டுப்புழுக்கையும் கலந்து சமப்படுத்தினான். தண்டுகளைக் கிள்ளி, கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாகச் சாணுக்கு ஒன்று பதித்து, மிதித்துவிட்டான். வேர் பிடிக்கும்வரை இருவேளையும் தண்ணீர் தெளித்தான்.

தெரு கூடி நின்று சிரித்தது. குருவம்மாள் அவன் காதில் வாயை வைத்தாள்.

"ஊர்ல வெண்டி போடுதாக, கத்தரி போடுதாக. நீங்க களையப் போட்டிருக்கீக. எதுக்கு, ஆடு மேய்க்கவா?"

"படுத்துக்கத்தான்," என்றான்.

வீட்டை ஒட்டி இருந்தது சங்கையாவின் பருத்திக் காடு. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஏலே, கிறுக்குப் புடிச்சிருச்சா? ஒத்தக் கணு எங்காட்டுக்குள்ள வந்துச்சு, மருந்தடிச்சு அம்புட்டையும் பொசுக்கிருவேன்!"

குருவம்மாள் அதைக் கூட்டாமல் குறைக்காமல் அவன் காதுக்குள் சொன்னாள்.

"வராதுய்யா. வந்தா நானே வந்து புடுங்குதேன்," என்றான். மறுநாளே காட்டோரமாகப் பள்ளம் பறித்து, தட்டைக் கற்களை நெருக்கி நட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தக் கல்வரிசை நெடுகக் குந்தி நகர்ந்து, தாண்டப் பார்க்கிற கொடிகளை நறுக்கினான்.

தை பிறந்தபோது தரை மூடிவிட்டது. சாத்தூர் இரும்புக் கடையில் வாங்கிய நீளக் கத்தரியால், இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டினான். ஒட்ட வெட்டினால் மஞ்சள் தண்டு தெரியும். ஊடே வரும் கோரையைக் கிழங்கோடு தோண்டினான். உடைந்த சிமெண்டுக் குழாய் ஒன்றை மேலே உருட்டி மேடுபள்ளத்தை அமுக்கினான்.

வெடித்த நாளிலிருந்து அவன் உள்ளங்காலுக்கு ஒரு பயம் இருந்தது. எங்கே நின்றாலும், இதோ தரை அதிரப்போகிறது என்று அது காத்துக்கொண்டே இருக்கும். விடிகாலையில், பனி கோத்த புல்லில் வெறுங்காலோடு நடந்தபோது, அந்தக் காத்திருப்பு மெல்ல விட்டுப்போனது. காலுக்குக் கீழே பூமி மூச்சுவிட்டு இறங்குவதுபோல இருந்தது. மேகத்தின்மேல் நடக்கிறோமோ என்று ஒரு கணம் குனிந்துகூடப் பார்த்தான்.

சித்திரையில் தெருக்குழாய் வறண்டது. குடிநீருக்கே குடம் வரிசையில் நின்றது. "குடிக்க வேண்டிய தண்ணியப் புல்லுக்கு ஊத்தக் கூடாது," என்று அவனே நிறுத்திவிட்டான். பச்சை வெளிறி, வைக்கோல் நிறமாகி, கடைசியில் சாம்பலாகக் கிடந்தது. அவன் அதன்மேல் நடப்பதை விட்டுவிட்டான். ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

ஒரு விடியலில் கண்விழித்தவன் கதவிடுக்கு வழியே பார்த்தான். குருவம்மாள் அரிசி கழுவிய தண்ணீரைச் சட்டியில் வைத்துக்கொண்டு, காய்ந்த புல்லின் தூரில் கைகையாக விட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. புல்லைத்தான் திட்டிக்கொண்டிருக்க வேண்டும். அவன் திரும்பி வந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

புரட்டாசிக் கடைசியில் மழை விழுந்தது. அவனுக்கு மழை மண்வாசனையாகத்தான் வந்தது. அடுத்த சில நாள்களில் சாம்பலுக்குள்ளிருந்து ஊசிமுனைகளாகப் பச்சை கிளம்பி, பார்த்திருக்கும்போதே தரையெங்கும் பரவியது.

சங்கையா கல்வரிசை நெடுக நடந்து பார்த்தார். அவர் பக்கம் ஒரு கொடியும் இல்லை.

"வாங்கய்யா, உள்ள வாங்க," என்று உக்கிரபாண்டி கூப்பிட்டான்.

அவர் தயங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தார். நாலு எட்டு நடந்தார். பிறகு உட்கார்ந்தே விட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனின் வலது காதில் வாயை வைத்துச் சொன்னார்: "ஆயுசுக்கும் இதக் கொல்லத்தாம்லே பாத்தேன். வெறுங்கால வச்சுப் பாத்ததில்ல."

தீபாவளி ஆர்டர் நெருக்கிய நாள்களில், கம்பெனி வேனுக்கு ரோட்டோரம் நிற்கும் பெண்கள் அங்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். தூக்குவாளிகளை நடுவில் வைத்துவிட்டுக் காலை நீட்டி, விட்ட தூக்கத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். மிதிபட்ட இடம் சொட்டையானால், ஓரத்திலிருந்து கணு எடுத்து ஒட்டுப்போட்டான்.

அந்த நாள்களில் ஒரு சாயங்காலம், தீப்பெட்டி ஆபீசில் வேலை முடிந்து வந்த குருவம்மாள் வீட்டுக்குள் போகவில்லை. புல்லில் அப்படியே சாய்ந்தாள். விரல்நுனியில் மருந்துக்கறை. உள்ளங்கையால் புல்லை ஒருதரம் தடவினாள். கையை எடுக்கும் முன்பே தூங்கிப்போனாள். மேற்கே வெயில் தணிந்து வானம் செம்மண் நிறமாகிக்கொண்டிருந்தது. உக்கிரபாண்டி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, கைக்கு எட்டிய கோரையைப் பிடுங்கினான். அவளை எழுப்ப மனசு வரவில்லை. உலை வைக்க அவனே எழுந்து உள்ளே போனான்.