சகலை வீட்டுப் பூட்டு

நான் ஒரு பூட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதுவும் ஐம்பதைத் தாண்டிய வயதில், அலமாரி நிறையப் புத்தகங்களைப் படித்து முடித்த பிறகு. அந்தப் புத்தகங்களில் மனிதர்கள் நாட்டுக்காகப் பொறாமைப்பட்டார்கள், பெண்ணுக்காகப் பொறாமைப்பட்டார்கள். எனக்கு வாய்த்தது சகலை வீட்டு வாசற்கதவு.

ஈப்போவில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில், பின்தெரு வீடு ஒன்றில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் பூட்டுப் பேச்சுதான். எனக்குக் கவலையில்லை. என் வீட்டு இரும்புக் கிரில்லில் இரண்டு தொங்குபூட்டு, மரக்கதவில் ஒன்று, உள்ளே சங்கிலி. நான் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அங்கே கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வேலைக்குப் போவார்கள். ஊர் நேர்மையான ஊர் என்பதால் அல்ல; உள்ளே எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே சாவிக்கொத்து இடுப்பில் கனப்பதை வாழ்க்கையில் முன்னேறியதற்கு அடையாளமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நாலு தெரு தள்ளி இருக்கும் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், டிஜிட்டல் பூட்டு போட்டார். விரலை வைத்தால் ஒரு சின்ன இசை, கதவு திறந்துவிடும். அது மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். பூட்டோடு என் மாமியாரும் அங்கே போய்விட்டார்.

மாமனார் காலமானதிலிருந்து அத்தை எங்களோடுதான் இருந்தார். சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து நான் சொல்லும் வேடிக்கைகளுக்கு வீட்டில் சிரிக்கும் ஒரே ஆள். என் மனைவி கல்யாணமான முதல் வருடத்திலேயே சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் கோலாலம்பூருக்கே போய்விட்டார்கள். சின்ன மகளை ரெண்டு நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிய அத்தைக்கு, மாதங்கள் போயும் அந்த ரெண்டு நாள் முடியவில்லை.

போனில் கேட்டால் பூட்டைப் பற்றியே பேசினார். “விரல வச்சா போதும் மாப்பிள்ளை, ட்ரிங்குன்னு தொறக்குது. நான் பாட்டுக்குக் கோயிலுக்குப் போறேன், வாரேன். யாரையும் எழுப்ப வேண்டியதில்ல.”

யாரையும் என்றால் என்னை. எங்கள் வீட்டில் விடியற்காலையில் அவர் கோயிலுக்குப் போகவேண்டுமென்றால், நான் எழுந்து ஒவ்வொரு பூட்டாகத் திறந்துவிட வேண்டும். அதற்குள் அபிஷேகம் முடிந்துவிடும். ஆக, சகலை ஒரு பூட்டைக் காட்டி என் மாமியாரைக் கவர்ந்துகொண்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

“எங்கம்மா எங்க இருந்தா என்ன? நாலு தெருதானே” என்றாள் மனைவி. “காதலியத் தொலைச்சவன் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரியாதீங்க லா.”

நானும் வாங்கினேன். சகலையின் பூட்டுக்கு விரல் மட்டும்தான் தெரியும். என்னுடையதற்கு விரல் தெரியும், முகம் தெரியும், ரகசிய எண் தெரியும். பொருத்த வந்த சீனர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, கதவைவிடப் பூட்டு பலமாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பூட்டு மாண்டரினில் பேசியது. மொழியை மாற்ற எனக்குத் தெரியவில்லை. அதுவும் ஒரு கெத்துதான் என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அத்தையின் விரலைப் பூட்டில் பதிவுசெய்துவிட்டால், பிறகு அவர் பையை எடுத்துவரச் சகலையே காரில் போகவேண்டியதுதான் என்பது என் திட்டம்.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. கத்தி, அரிவாள்மனை, தையல் இயந்திரம், என் கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டை விட முடியுமா? தாராளமாகவே வைத்தேன். அடுத்து காருக்குச் சூடம் காட்ட எல்லாரும் வெளியே வந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், நான் வாசற்கதவை இழுத்துச் சாத்தினேன். பூட்டு தானாகப் பூட்டிக்கொண்டது.

“அத்தை, இப்பப் பாருங்க” என்றேன்.

விரலை வைத்தேன். விரல் வைக்கும் இடத்தில்தான் சந்தனம் வைத்திருக்கிறேன். அது காய்ந்து சுண்ணாம்புபோல் ஒட்டியிருந்தது. முகத்தைக் காட்டினேன். பூட்டின் கண்ணில் குங்குமம். வேட்டி நுனியால் துடைத்தேன். முன்பு பொட்டாக இருந்தது இப்போது பூச்சாக மாறியது. மிச்சம் ரகசிய எண். திருடன் ஊகிக்கவே முடியாத எண்ணாக இருக்கவேண்டும் என்று யோசித்து வைத்தது. என்னாலும் ஊகிக்க முடியவில்லை. தப்புத் தப்பாக அழுத்தியதில் பூட்டு மாண்டரினில் ஏதோ திட்டிவிட்டு அலறத் தொடங்கியது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

“அவசரத்துக்குன்னு ஒரு சாவி குடுத்தானே, அது எங்க?” என்றாள் மனைவி.

“உள்ளதான். சரஸ்வதி படத்துக்கு முன்னால பூஜையில வச்சிருக்கேன்.”

வெறுங்காலோடு வெயில் தரையில் நின்றவர்கள் கால் மாற்றி மாற்றி நின்றார்கள். அத்தையை வாழைமரத்து நிழலுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் மறுபடி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். சகலையைக் காணவில்லை. நல்லவேளை, பார்க்க வேண்டிய ஆள் பார்க்கவில்லை என்று நினைத்த நேரத்தில், உள்ளேயிருந்து கதவு திறந்தது.

“வாங்கண்ணே, உள்ள வாங்க” என்று சகலை என்னை என் வீட்டுக்குள் வரவேற்றார்.

பின்சந்து வழியாகச் சுற்றிப் போயிருக்கிறார். பின்பக்கக் கிரில்லில் தொங்கும் பூட்டுக்குச் சாவி தொலைந்து பல வருடம், பூட்டாமல் பார்வைக்காக மாட்டிவைத்திருக்கிறோம். சமையலறைக் கதவைப் சமையல் புகை போகட்டும் என்று மனைவி திறந்தே வைத்திருந்தாள். கேலியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவரோ பணிவாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். இலை போட்டதும், “அண்ணே, உக்காருங்க” என்று எனக்கே இடம் காட்டினார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காததே இந்தக் குணம்தான்.

சாப்பாடு முடிந்து அவர்கள் கிளம்பும் நேரம். பூட்டை நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன். மானத்தை விட்டுக் கேட்டேன்.

“அத்தை, உங்க விரலயும் பதிஞ்சிருவோமா? இனிமே இங்கயும் யாரையும் எழுப்ப வேண்டாம். எப்ப வேணும்னாலும் வரலாம், போலாம்.”

அத்தை பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காருக்குள் ஏறி உட்கார்ந்து, புடவை முந்தானையை உள்ளே இழுத்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னார்:

“பூட்டுக்காகவா மாப்பிள்ளை நான் அங்க இருக்கேன்? டிவியில நாடகம் ஓடுறப்ப சின்ன மாப்பிள்ளை பேசவே மாட்டாரு.”