மெய்லின் என்னைப் பார்த்து எழுதவில்லை

இன்று எங்கள் இல்ஃபோர்ட் ஆங்கில வகுப்பில் ஒரு பிள்ளைமீது அநியாயமாகப் பழி போட்டார்கள். என்னைப் பார்த்து எழுதினாளாம்.

மெய்லின் சீன மாணவி, எனக்குப் பக்கத்து இருக்கை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பயிற்சியில் அவளுக்குப் பாதிகூடச் சரிவரவில்லை. வாசித்து எழுதும் பயிற்சியில் பத்துக்குப் பத்து.

"கேட்டு விளங்காதவளுக்கு வாசித்தால் மட்டும் எப்படி விளங்கும்?" என்று ஆசிரியை அந்தத் தாளுக்குச் சைபர் போட்டார். இனிப் பரீட்சைக்கும் அவள் பெயர் போகாதாம்.

அவள் புத்தகத்தில் ஆங்கிலம் படித்தவள். நான் கடையில் நின்று காதால் பிடித்தவன். எனக்கு வாசிப்பில் மூன்றுதான்!

நேரே அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் நம் தமிழ்ப் பிள்ளை, "அங்கிள், உங்களுக்கேன் தேவையில்லாத வேலை?" என்றாள்.

"என்ரை தாளைப் பார், பிள்ளை. இதைப் பார்த்து எழுதினா ஆருக்கும் பத்து வருமோ?"

"ஐயோ, வராது அங்கிள்."

ஆசிரியை நாளைக்கு முழு வகுப்பின் முன்னால் மெய்லினிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அலுவலகம் அவள் பெயரைப் பரீட்சைக்கு அனுப்ப வேண்டும். என்னைப் பார்த்து எழுதிப் பாஸானவர் எவராவது இருந்தால், இந்தப் பதிவின் கீழே வந்து சொல்ல வேண்டும்.