பஸ்ஸில் மட்டும் வரும் பல்லுக்கொதி

மகளின் மனப்பதற்றத்துக்கு மருந்தெடுக்க இன்று தர்மபுரத்தில் பஸ் ஏறினோம்.

பக்கத்தில் மகனோடு இருந்த அக்கா விசாரித்தார். "எங்க தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கோ?"

"ஓம் அக்கா, பிள்ளைக்குப் பல்லுக்கொதி. நீங்கள்?"

"மகனுக்குக் கண் காட்ட."

கிளிநொச்சி வரும்வரை, பல்லுக்குக் கராம்பு வைக்கும் முறையை விளக்கிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டினேன்.

மனநலக் கிளினிக்கில் போய் இருந்தால், முன் கதிரையில் அதே அக்கா!

நானும் அக்காவும் உடனே மின்விசிறியைப் பார்த்தோம்.

மகள் அந்தப் பெடியனிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள். "கண் எப்பிடி?"

"இப்ப நல்லா நித்திரை கொள்ளுது. உங்கட பல்லு?"

"பழையபடி பள்ளிக்கூடம் போகுது."

அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு என்னாலும் அடக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் யார் கேட்டாலும் உண்மையைச் சொன்னோம்.

உங்கள் வீட்டில் எப்படி, பல்லா கண்ணா?