யாகூப் கடை வரை நாற்பது எட்டு

பனவடலிசத்திரம் வீரபாண்டி பீடியை நிறுத்திய பதினோராம் நாள் செத்துப்போனான் என்று திருவேங்கடம் போகிற பஸ்ஸின் கண்டக்டர் சொன்னதாக யாகூப் சொன்னார். கண்டக்டருக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

"இருவத்தஞ்சு வருசப் பழக்கம் அண்ணாச்சி. ரத்தத்துல ஊறியிருக்கும்லா? திடுதிப்புன்னு நிறுத்துனா நெஞ்சு என்ன செய்யும்? அதுவும் நின்னுட்டு."

"நீரு பீடி விக்கிற ஆளு வே. வேற என்னத்தச் சொல்லுவீரு?" என்றார் அம்பலவாணன்.

"விக்கிறது வாஸ்தவம். நான் குடிக்கதில்லையே. எனக்கென்ன பொய் சொல்லணும்னு தலையெழுத்தா?"

அம்பலவாணன் சிரித்துவிட்டு, கடை வாசலில் புகைந்துகொண்டு தொங்கிய தீக்கயிற்றில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பதினோரு நாள் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 1953 வைகாசி அது. அதற்கு முந்தின வாரம் திருநெல்வேலியில் டாக்டர் சொன்னது அவருக்கும் அவர் மனைவி பிரம்மநாயகிக்கும் மட்டும்தான் தெரியும்.

அம்பலவாணனுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பத்திர ஆபீஸ் வாசலில் ஓட்டுச் சார்ப்புக்குக் கீழே அவருடைய சாய்வு மேசை கிடந்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் கரிசல் நிலம் கைமாறினால் பெரும்பாலும் அவர் எழுத்தில்தான் மாறும். எழுத்து அச்சுக் கோத்தது போல் இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. பத்திரத்தில் எல்லாவற்றையும் மளமளவென்று எழுதிக்கொண்டு போவார். நிலத்தின் நான்கு பக்க எல்லையைச் சொல்லும் மால் எழுதும் இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு ஒரு பீடி பற்றவைப்பார். அது அணைவதற்குள் நான்கு திசையும் தாளில் இறங்கிவிடும். பதினாறு வருஷமாக அப்படித்தான்.

தை மாதத்திலிருந்து வலது கெண்டைக்காலில் ஒரு கோளாறு. நாற்பது எட்டு எடுத்துவைத்தால் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். இரண்டு நிமிஷம் நின்றால் விட்டுவிடும். மேசையிலிருந்து சரியாக நாற்பதாவது எட்டில் யாகூப் கடை இருந்தது ஒரு வசதி. நின்று பற்றவைத்துக்கொள்வார். பீடிக்காக நிற்கிறார் என்றுதான் ஊர் நினைத்தது.

கட்டைவிரல் நுனி கறுத்த பிறகுதான் டாக்டரிடம் போனார். டாக்டர் பாதத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார். கால் ரத்தக் குழாய்கள் புகையினால் சுருங்கிக்கொண்டு வருகின்றன என்றார். "பீடியா, காலா? ஒன்றைச் சொல்லுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. ஐப்பசியில் வாருங்கள். அப்போதும் இப்படியே இருந்தால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும்."

இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். அம்பலவாணன் ஒரு மாதம் யோசித்தார். காலை எடுப்பது ஐப்பசியில். பீடியை நிறுத்தினால் சாவது பதினோரு நாளில். போதாததற்கு, பீடி இல்லாமல் யாகூப் கடையில் எதற்காக நிற்பது? நொண்டி என்று ஊருக்கே தெரிந்துபோகும்.

ஆனியில் ஒருநாள் பிரம்மநாயகி பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டாள். சரி, பார்த்துவிடலாம் என்று அவரும் இருந்தார். மூன்று நாள் தலை கனத்தது. தூக்கம் வரவில்லை. வயிறு அசையாமல் கிடந்தது. நான்காம் நாள் குருவிகுளம் துரைப்பாண்டி, மகளுக்கு ஒரு புஞ்சையை எழுதிவைக்க வந்தார். மால் எழுதும் இடம் வந்தது. விரல்கள் தாமாகவே மடியைத் தடவின. மடியில் ஒன்றும் இல்லை. பீடி இல்லாமலே எழுதி முடித்து, வழக்கம்போல் உரக்க வாசித்துக் காட்டினார்.

துரைப்பாண்டி கையைத் தூக்கினார். "நில்லும் அண்ணாச்சி. இசக்கிப்பாண்டி புஞ்சைக்குக் கிழக்கேன்னா வாசிச்சீரு?"

"ஆமா."

"எம் புஞ்சை அவனுக்கு மேக்கேல்லா கெடக்கு! நேத்துச் சாயந்தரம் கூட அங்கனதான் ஆடு மேஞ்சுது. ஒரே ராத்திரியில எந்திரிச்சு அவன் புஞ்சையத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கிட்டோ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்திரைத்தாளில் 'கிழக்கு' என்பதை அடித்து 'மேற்கு' என்று எழுதி, அடியில் திருத்தக் குறிப்புப் போட்டுக் கையெழுத்தும் வாங்கினார். பதினாறு வருஷத்தில் அவர் போட்ட முதல் திருத்தக் குறிப்பு. துரைப்பாண்டி கிளம்பியதும் நேரே யாகூப் கடைக்குப் போனார். யாகூப் ஒரு பீடிக்கட்டை எடுத்து நீட்டினார்.

ஆடித் தபசுக்குக் கொடியேறியது. கொடியேறிய நாளிலிருந்து கோயிலைச் சுற்றி ஆடிச் சுற்று வருவது ஊர் வழக்கம். ஒற்றைக் காலில் தபசு நிற்கிற கோமதி அம்பாளின் கால்வலியை, சுற்றுகிறவர்கள் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. பிரம்மநாயகி புளியங்கொட்டைகளைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டு தினமும் நூற்றெட்டுச் சுற்று வந்தாள். அம்பலவாணன் அரைச் சுற்றிலேயே மண்டபத் தூணில் சாய்ந்துவிட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் அவரைக் கடந்து போனாள்.

"அம்பாளே ஒத்தக் கால்லதான் நிக்கா. நீங்களும் ஒத்தக் காலாயிட்டா பக்கத்துல ஒரு சன்னதி கட்டிரலாம்," என்றாள் ஒரு சுற்றில்.

"சிரிக்கதுக்கு வேற விசயம் கிடைக்கலையாளா உனக்கு?"

அவள் பதில் அடுத்த சுற்றில் வந்தது. "அழுதா பீடிய விட்டிருவியளா? சொல்லுங்க, அழுதுட்டுப் போறேன்."

தபசு முடிந்த மறுவாரம், நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி மருமகனோடு மேசைக்கு வந்தாள். வீட்டு மனையை மகள் பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் முத்துத்தாய், ஊர் பனவடலிசத்திரம். புருஷன் பெயரைக் கேட்டதும் வாயைத் திறக்காமல் மருமகனைப் பார்த்தாள். புருஷன் பெயரை அவள் சொல்வதில்லை.

"வீரபாண்டி. மாமா போன சித்திரையில தவறிட்டாக," என்றான் மருமகன்.

'காலஞ்சென்ற' என்று எழுதிய இடத்தில் பேனா நின்றது. பத்திரத்துக்குத் தேவையில்லாத ஒரு கேள்வியை அம்பலவாணன் கேட்டார். "பீடிய நிறுத்துனதுனால போயிட்டாருன்னு இங்கன பேசிக்கிட்டாங்களேம்மா?"

"யாரு, அவுகளா? அவுக எங்கய்யா நிறுத்துனாக?" என்றாள் முத்துத்தாய். "டாக்டருகிட்ட நிறுத்திட்டேன்னாக. ஊருகிட்டயும் அதையேதான் சொன்னாக. எங்கிட்ட சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுனாக. ஒரு காலை முழங்காலோட எடுத்தாச்சு, அடுத்த காலும் கறுத்துட்டு. கடைசியில குளிப்பாட்டுறதுக்கு வேட்டிய அவுத்தா மடியில அரைக்கட்டு பீடி இருக்கு. வைக்கோல் படப்புக்குள்ள இன்னும் ரெண்டு கட்டு. அந்த மொட்டைக்கால வச்சிக்கிட்டு படப்பு வரைக்கும் எப்படித்தான் போனாகளோ."

"இதை நீ ஊருல சொல்லலியா?"

"செத்த மனுசனப் பொய்யன்னு நானே சொல்லவா?"

"எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்லுத?"

அவள் மேசைக்கு அடியில் பார்த்தாள். துணி சுற்றிய அவருடைய கட்டைவிரல் அங்கே இருந்தது. "அவுகளும் மொதல்ல இப்படித்தான் துணி சுத்திக்கிட்டு இருந்தாக," என்றாள்.

அம்பலவாணன் அன்று மால் எழுதும்போது பற்றவைக்கவில்லை. விரல்கள் மடியைத் தேடத்தான் செய்தன. முத்துத்தாயை எழுந்து கிழக்கே பார்த்து நிற்கச் சொன்னார். "இது உன் மனைன்னு வச்சுக்க. வலது கைப்பக்கம் யாரு வீடு? முதுகுப்பக்கம் என்ன?" ஒவ்வொரு திசையாகக் கையை நீட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே தாளில் இறக்கினார். பீடி அணைவதற்குள் முடிகிற வேலை அரை மணி நேரம் பிடித்தது. திசை மாறவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களையும் அப்படியே நிற்கவைத்தார். பத்திர ஆபீஸ் வாசலில் நிலம் எழுத வந்த சம்சாரிகள் கிழக்கே பார்த்து நின்று கையை நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இது புதுத் தேகப்பயிற்சியா என்று போகிறவர்கள் கேட்டார்கள்.

மறுநாள் யாகூப் கடையில் நின்றார். யாகூப் பீடிக்கட்டை எடுத்தார்.

"வேண்டாம்."

"பின்ன எதுக்கு அண்ணாச்சி நிக்கிய?"

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தார். "நான் எங்க நிக்கேன்? காலு நிக்குது," என்றார்.

யாகூப் குனிந்து அவர் காலைப் பார்த்தார். "இத்தன நாளா இதுக்குத்தானா? மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு ஸ்டூல் போட்டிருப்பேம்லா," என்று சரக்குப் பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டுத் துண்டால் தட்டிவிட்டார். நொண்டி என்று யாரும் சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, அவர் காதுக்கு வரவில்லை.

வீரபாண்டியின் கதை பொய் என்று தெரிந்தும், தான் பீடியை விட்ட பதினோராம் நாள் அவருக்குப் பயம் போகவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பிரம்மநாயகியிடம் சொல்லி வைத்தார். "சரி, சாவியையும் கொடுத்துட்டுப் படுங்க," என்றாள் அவள். பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நாள் எண்ணுவதை விட்டுவிட்டார். ஆசை போய்விட்டது என்று சொல்ல முடியாது. தீக்கயிற்றின் வாடை வந்தால் மூக்கு தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

ஐப்பசியில் திருநெல்வேலிக்குப் போனார். டாக்டர் மறுபடியும் நாடி தேடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய டாக்டரைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சொன்னார். பிரம்மநாயகியின் தம்பி காந்திமதிநாதன் அந்த ஆஸ்பத்திரியில் குமாஸ்தா. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வக்கீல் சங்கரராமன் ஆபீசுக்கு டிரங்கால் போட்டு முடிவைச் சொல்வதாக ஏற்பாடு. பத்திர ஆபீஸ் தெருவில் டெலிபோன் இருந்தது அங்கே மட்டும்தான். யாகூப் கடையைத் தாண்டி இன்னும் நாற்பது எட்டு இருக்கும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே போய் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்தார். பதினொன்றரை ஆகியும் மணி அடிக்கவில்லை. வக்கீல் கோர்ட்டுக்குப் புறப்பட்டார். "கதவு திறந்தே கிடக்கட்டும் அம்பலவாணன். மணி அடிச்சா நீரே வந்து எடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். மேசையில் ஒரு சம்சாரி காத்திருந்ததால் அம்பலவாணன் திரும்பி வந்தார். சம்சாரியைக் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, வடக்கு எல்லையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தெருவில் அந்தச் சத்தம் கேட்டது.

பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். எப்போதும் போல எட்டுகளை எண்ணிக்கொண்டே நடந்தார். இருபது. மணி அடித்தது. முப்பது. ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடி முறுக்கிக்கொண்டால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். யாகூப் கடைக்கு வெளியே வந்து, வழக்கம்போல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்.

"மெதுவா வாங்க அண்ணாச்சி. செத்த உக்காந்துட்டுப் போங்க. அவன் அடிச்சுக்கிட்டுத்தான் கெடப்பான்."

முப்பத்தொன்பது. நாற்பது. கெண்டைக்காலில் லேசாகச் சூடு தெரிந்தது. இதோ பிழியப் போகிறது என்று நினைத்தார். பிழியவில்லை. நாற்பத்தொன்று. பெட்டிக்குப் பக்கத்தில் யாகூப் நிமிர்ந்து நின்றார். அம்பலவாணன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கணக்கு விட்டுப்போகும்.

ஐம்பது. ஐம்பத்தைந்து. வக்கீல் ஆபீஸ் படி தெரிந்தது. திறந்த கதவுக்குள் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு என்று எண்ணினார்.