ஓடைக்கு எந்தப் பக்கம்?

கோர்ட்டில் வக்கீல்கள் பெஞ்சில் சாட்சி விசாரணைக்காகக் காத்திருந்தேன். வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி அருகில் வந்து குனிந்து, "நம்ம சிரஸ்தார் சங்கரலிங்கம் அண்ணாச்சி போயிட்டாவளாம். மதுரையில மக வீட்டுல வச்சி" என்றார். அதன்பிறகு சாட்சி சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

கோவில்பட்டி முன்சீப் கோர்ட் அலுவலகத்தைத் தலைமை எழுத்தராகக் கட்டி ஆண்டவர் அவர். அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கரிசல் பக்கம் ஓர் ஊருக்குத் தாலுகா ஒரு திசை, போலீஸ் ஸ்டேஷன் ஒரு திசை, பத்திர ஆபீஸ் ஒரு திசை, கோர்ட் இன்னொரு திசை. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி மாவட்டம் பிரிந்த பிறகு, எந்த மனுவை எங்கே கொடுப்பதென்று வக்கீல்களே முழித்தோம். அத்தனை ஊருக்கும் அத்தனையும் அவர் தலைக்குள் இருந்தன. "கலெக்டர் ஆபீஸ்தான் மாறிருக்கு. ஊரு எந்திரிச்சா போயிட்டு?" என்பார்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாள். ஆடு வளர்க்கும் வேலம்மாளுக்காகத் தடை உத்தரவு கேட்டுப் பிராது கொண்டுபோயிருந்தேன். அவளுடைய கிணற்றுக்குப் போகும் பாதையில் பக்கத்து நிலத்துக்காரர் வேலி போடக் குழி தோண்டிவிட்டார். அன்று உத்தரவு வாங்காவிட்டால் கோர்ட் திறக்க ஒரு மாதம் ஆகும். அந்த வெயிலில் நாற்பது ஆடுகளும் தண்ணீரில்லாமல் செத்துவிடும்.

சங்கரலிங்கம் பிராதின் கடைசிப் பக்கத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளைப் படித்தார். பிறகு வேலம்மாளிடம், "தாயி, வீட்டுலருந்து கெணத்துக்கு ஓடையத் தாண்டியா போவீய?" என்று கேட்டார்.

"ஆமாய்யா. தாண்டித்தான் போவணும்."

"வக்கீல் சார், ஓடைக்கு அந்தப் பக்கம் வேற வருவாய்க் கிராமம். ஓட்டப்பிடாரம் தாலுகா. இது தூத்துக்குடி கோர்ட்ல போட வேண்டியது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். கோவில்பட்டி தாலுகா என்று அதில் தெளிவாக இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கார்டு வீட்டுக்கு. கேஸு நெலத்துக்கு."

எந்தக் கிராமம் எந்தக் கோர்ட்டுக்கு என்ற பட்டியலைக் காட்டும்படி அடம்பிடித்தேன். காட்டினார். அவர் சொன்னது அப்படியே இருந்தது. கட்சிக்காரி முன்னால் நான் கூனிக் குறுகிப்போனேன். ஒரு முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டு, விடுமுறை கழித்துத் திருப்பியிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ எந்தெந்த வரியைத் திருத்த வேண்டுமென்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். "பதினொண்ணே காலுக்கு பஸ் இருக்கு. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கோர்ட் கலைவதற்குச் சற்று முன் தூத்துக்குடியில் உத்தரவு கிடைத்தது. அந்தக் கோடை முழுக்க வேலிக் குழிகள் வெறுமனே கிடந்தன. ஆடுகள் தண்ணீர் குடித்தன.

விடுமுறை முடிந்ததும் நன்றி சொல்லப் போனேன். அந்த ஓடையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இல்ல சார். பத்திரத்துலதான் எத்தனையோ தடவ தாண்டியிருக்கேன்."

கண்ணால் காணாத ஓடை அது. இன்றும் அதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

நேற்று அவருடைய மகன் என்னைத் தேடி வந்தார். "அப்பா இறப்ப இங்க நகராட்சியில எழுதிக் குடுத்தேன். வாங்க மாட்டேங்காவ" என்றார். நான் கையிலிருந்த வழக்குக் கட்டிலிருந்து நிமிராமலே, "உயிர் போனது மதுரையில. அங்கதான் பதியணும். வாரிசுச் சான்று மட்டும் நம்ம தாசில்தார்கிட்ட வாங்கிக்கிடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் கை நின்றது. அவர் அப்படித்தான் சொல்லுவார், நிமிராமல்.

அந்த வாரிசுச் சான்றில் என் பெயர் இருக்கப்போவதில்லை. ஆனாலும் யார் என்ன வழக்கோடு வந்தாலும், ஊரைக் கேட்பதற்கு முன் நிலம் ஓடைக்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்கிறேன். அந்தக் கேள்வி அவர் எனக்கு விட்டுப்போனது.