ஒரு மீட்டர் ப்ளவுஸ் பீஸ்

மயிலாப்பூரில் நவராத்திரிக்குக் கொடுக்கிற ப்ளவுஸ் பீஸ்களில் பாதிக்கு மேல் எந்தப் பெண்ணின் முதுகையும் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கோடு வாங்கி, மறுநாள் இன்னொரு வீட்டுக்காரிக்கு வெற்றிலை பாக்கோடு கொடுத்து, இப்படியே நான்கு மாட வீதியையும் சுற்றிவிட்டு, சில சமயம் கொடுத்தவளிடமே திரும்பி வரும். நான் கொடுத்த கிளிப்பச்சைத் துணி ஒன்று எனக்கே வந்திருக்கிறது. நான் குத்திய குண்டூசிகூட அப்படியே இருந்தது. இதில் எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. எங்கள் குடும்பத்துக்குத் தெற்கிலிருந்து வந்த நாளிலிருந்து தி. நகரில் துணி வியாபாரம். யாரும் தைக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் அந்த மொடமொடத்த துணியை நாங்களும் விற்கிறோம்.

கடையை இப்போது தம்பி பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு வராது. அதனால் மத்தியான வேளைகளில் ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருக்கும் பெண்கள் உதவி மையத்துக்குப் போய் போன் எடுக்கிறேன். வீட்டில் அடி வாங்குகிறவர்கள் கூப்பிடுவார்கள். சிலர் கூப்பிட்டுவிட்டுப் பேசவே மாட்டார்கள். பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். குளியலறைக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள் என்று புரிந்துகொண்டு, நான் மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பேன்.

மையத்தில் ஒரு சின்ன அட்டை அச்சடித்து வைத்திருந்தோம். எந்த எண்ணுக்குப் பேசலாம், வக்கீலுக்குக் காசு வேண்டாம், தங்க இடம் உண்டு என்று அதில் இருக்கும். கோவில் வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் நின்று நீட்டினோம். புருஷன் பக்கத்தில் நிற்கும்போது எவள் கையை நீட்டுவாள்? "எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்று நடையைக் கட்டினார்கள். எரிச்சலில் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்காத பை ஒன்று இந்த ஊரில் உண்டென்றால் அது நவராத்திரித் தாம்பூலப் பைதான். அந்த வருஷம் என் வீட்டுக் கொலுவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த துணிகளின் மடிப்பில் ஆளுக்கொரு அட்டையைச் செருகினேன். கைமாறிக் கைமாறிப் போகட்டும், எங்காவது யாராவது பிரிப்பாள் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஓர் அட்டை மட்டும் குறிப்பாக ஒருத்திக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் மேலே நான்கு பேர்: வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள். சில சாயங்காலங்களில் மேலே டி.வி. சத்தம் திடீரென்று ஏறும். அதற்குள்ளேயே தொப்பென்று எதுவோ விழும். கொஞ்ச நேரத்தில் டி.வி. பழையபடி இறங்கிவிடும். மறுநாள் காலை அடையாறில் இருக்கும் தன் ஆபீசுக்குக் கிளம்பும் மருமகளை லிஃப்டில் பார்த்தால் கண் வீங்கியிருக்கும். ஒரு நாள் அவளே கேட்டாள்.

"ஆன்ட்டி, நேத்து மேல சத்தம் கேட்டுதா?"

"கேட்டுச்சும்மா. ஏதாவது உதவி வேணும்னா சொல்லு."

அவள் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது. வெளியே பெரியவர் பூக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

மகன்தான் அடிக்கிறான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். எந்நேரமும் காதில் ஒயரோடு திரிகிற, எதிரே வந்தால்கூட முகம் பார்க்காத ஆள். மாமியார் அதற்கு உடந்தை என்றும் தீர்மானம். அந்த மாமி லேசில் சிரிக்க மாட்டார். சித்திரை வெயிலில்கூட முழங்கை வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவார். அந்தக் கையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், என்ன ஒரு விறைப்பு என்று. பெரியவர்தான் எல்லோருக்கும் பிடித்தவர். தண்ணீர் லாரி வராவிட்டால் போன் போட்டு வரவழைப்பார், கோவில் பிரசாதத்தை வீடு வீடாகக் கொடுப்பார். "அவுரு தங்கமான மனுசன்மா," என்பான் வாட்ச்மேன்.

மருமகளுக்காகக் கடையிலிருந்து நல்ல துணியாகவே எடுத்தேன். மெரூன் நிறக் கைத்தறி, முழுதாக ஒரு மீட்டர். அடுத்தவளுக்குத் தள்ளிவிட யாருக்கும் மனசு வராது. மாமியாரும் மருமகளுமாக என் கொலுவுக்கு வந்தபோது மாமிக்குச் சுற்றில் விடுகிற துணியைக் கொடுத்தேன்; மடிப்பில் அட்டை செருகிய மெரூனை மருமகளிடம் கொடுத்து, "இதை நீயேதான் தைச்சுப் போடணும்," என்றேன். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வீட்டில் மருமகள் வாங்கிவரும் தாம்பூலமும் மாமியாரின் அலமாரிக்குத்தான் போகும். எதை வைத்துக்கொள்வது, எதை யாருக்குக் கொடுப்பது என்று பிரிப்பது மாமிதான். மட்டமான துணியில் செருகியிருந்தால் அட்டை பிரிபடாமலே தெருவைச் சுற்றியிருக்கும். நல்ல துணி கொடுத்துக் காரியத்தைக் கெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் மணி அடித்தது. வாசலில் மாமி தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் மெரூன் துணி, அதன் மேல் அட்டை. என்னால் அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு என்ன நடக்கப்போகிறதோ என்று பயந்துபோனேன்.

"மாமி, அதை வெச்சது நான்தான். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது," என்றேன்.

அவர் உள்ளே வந்து கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தார். "கதவைச் சாத்திடுங்கோ."

சாத்தினேன்.

"நல்ல துணி. எனக்குக் கை முழங்கை வரைக்கும் வேணும், சாதாரண பீஸ் பத்தாது. இது நீளம் வருமான்னு பிரிச்சுப் பார்த்தேன்." அட்டையை மடியில் வைத்து நீவிவிட்டார். "இதுல பேசறதுக்கு வயசு வரம்பு ஏதாவது உண்டா?"

எனக்கு உடனே புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் இடது கை ரவிக்கையை மேலே சுருட்டினார். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கன்றிய தடங்கள், பழையது மஞ்சளாகவும் புதியது கருநீலமாகவும் கிடந்தன. விரல் பதிந்த இடங்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

"பையனா?"

"அவன் கை நீட்ட மாட்டான். ஏன்னு கேக்கவும் மாட்டான். இவர்தான்." சுருட்டியதை இறக்கிவிட்டார். "மாட்டுப்பொண்தான் நடுவுல வருவா, வந்து தள்ளு வாங்கிப்பா. அழறதும் அவதான். எனக்கெல்லாம் அழுகை நின்னுபோய் எத்தனையோ காலமாச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இப்போதே ஆட்டோவைக் கூப்பிடுகிறேன், கிளம்புங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

"ஆத்துல கொலு இருக்கு. பாதியில விட்டுட்டு வரப்படாது. விஜயதசமி அன்னிக்கு ஒரு பொம்மையைப் படுக்க வெச்சுட்டு, மறுநாள் வரேன்."

அட, பொம்மை எங்கே ஓடிவிடப்போகிறது என்று கத்தத் தோன்றியது. ஆனால் எங்கள் மையத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்: எப்போது கிளம்புவது என்று முடிவெடுக்க வேண்டியவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மேலே டி.வி. சத்தம் ஏறும்போதெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நிற்பேன். பெரியவர் ஒரு நாள் வழக்கம்போல வந்து, "ஆத்துல பண்ணின சுண்டல், சாப்பிடுங்கோ," என்று நீட்டினார். வாங்கிக் குப்பையில் கொட்டினேன்.

விஜயதசமிக்கு மறுநாள் சொன்னபடியே வந்தார். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க என்னோடு போவதாக வீட்டில் சொல்லியிருந்தார். ராயப்பேட்டை என்றதும் ஆட்டோக்காரர், "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். மாமி ஆமாம் என்றார். "வயசாச்சுன்னா அப்டித்தான் கீது. ஒயுங்கா மாத்திர போடுங்கம்மா, சரியாப்பூடும்," என்று அவர் தைரியம் சொன்னார். மாமி அதற்கும் தலையாட்டினார்.

மையத்தில் பேசிய பெண் சின்ன வயசுக்காரி, ஆனால் நிதானமானவள். வீட்டை விட்டு வர வேண்டிய கட்டாயம் இல்லை, அது அவரும் வாழும் வீடு, அங்கே இருக்க அவருக்கு உரிமை உண்டு என்றாள். அடிக்கக் கூடாதென்று கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம், அதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இருக்க முடியாது என்றால் தங்கவும் இடம் தருகிறோம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். பிறகு, முதல் தடவை எப்போது என்று கேட்டாள்.

"கல்யாணமாகி முதல் நவராத்திரி. சுண்டல்ல உப்புக் கம்மி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கம்மா," என்றாள் அந்தப் பெண்.

அப்படி ஒரு கேள்வியை மாமியிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேணும்," என்றார். "இருந்ததை அவர் கழட்டிட்டார்."

இப்போது வழக்கு நடக்கிறது. நடக்கிறது என்றால், வாய்தாவுக்கு மேல் வாய்தா. அடிக்கக் கூடாதென்று இடைக்கால உத்தரவு ஒன்று கிடைத்தது. மாமி அதே வீட்டில்தான் இருக்கிறார். அலுவலர் வந்து பெரியவரை உட்கார வைத்துப் பேசிவிட்டுப் போனார். அவர் இன்னமும் பூக்கூடையோடு கோவிலுக்குப் போகிறார், ஆட்களும் வணக்கம் வைக்கிறார்கள். குடியிருப்பில் சிலர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், நல்ல குடும்பத்தைக் கலைத்துவிட்டேனாம். தாழ்ப்பாளைக் கச்சேரி ரோட்டில் மருமகள்தான் வாங்கி வந்தாள். தச்சர் துளை போடும் சத்தம் என் வீட்டில் கேட்டது.

போன வாரம் ஒரு சாயங்காலம் மேலே டி.வி. சத்தம் மறுபடி ஏறியது. எழுந்து நின்றேன். விடுவிடுவென்று யாரோ நடந்தார்கள். படாரென்று கதவு சாத்திக்கொண்டது. அடுத்து அந்தக் கதவை வெளியிலிருந்து இடிக்கும் சத்தம் வர ஆரம்பித்தது. மையத்துக்குப் போன் போட்டேன். போலீசுக்குச் சொல்லிவிட்டோம், நீங்கள் லைனிலேயே இருங்கள் என்றார்கள். போனைக் காதில் வைத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடி நின்றது, மறுபடி வந்தது, பிறகு ஓய்ந்தது. மருமகளிடமிருந்து, தாழ்ப்பாள் பிடித்துக்கொண்டது என்று செய்தி வந்தது. போலீஸ் வந்தபோது பெரியவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் காலை மாமியை லிஃப்டில் பார்த்தேன். மெரூன் துணியைத் தைத்துப் போட்டிருந்தார். கச்சிதமாகத்தான் இருந்தது. கை மட்டும் முழங்கை வரை வந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"அடுத்ததுக்குக் கையைக் குறைச்சுத் தைக்கச் சொல்லணும்," என்றார். "பார்க்கலாம்."