ஜன்னல் ஓரத்துத் துண்டு

தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள், ஜன்னல் வழியே சீட்டில் போட என் கணவர் கர்சீப்பை எடுத்தார். அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

எனக்கு எட்டு வயதில், இதே பிளாட்பாரத்தில் செங்கோட்டை ரயிலுக்கு அப்பா துண்டு போட்டார். மலை பார்க்க ஜன்னல் ஓரம் வேண்டுமென்று ஒரு வாரமாக நான் அழுதிருந்தேன். நாங்கள் ஏறுவதற்குள் ஒருவர் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"துண்டு இன்னா, டிக்கெட்டா சார்?" என்றார்.

வகுப்பில் பிரம்பே எடுக்காத கணக்கு வாத்தியார் என் அப்பா. அந்த ஆளின் முடியைப் பிடித்து முகத்தை ஜன்னல் கம்பியில் மூன்று முறை மோதினார். உதடு கிழிந்தது. பெட்டியில் யாரும் தடுக்கவில்லை. துண்டு போட்டது நாங்கள்தானே. அதே துண்டில் கையைத் துடைத்து, அதையே விரித்து என்னை உட்காரவைத்தார் அப்பா.

விடிந்ததும் மலை வந்தது.

"பாரும்மா," என்றார் அப்பா.

கம்பியில் முகத்தைப் பதிக்கப் போனேன். ராத்திரி முழுக்க என் காலடியில் தரையில் உட்கார்ந்து வந்த அந்த ஆள், வீங்கிய உதட்டோடு சொன்னார்: "கம்பில சாயாத பாப்பா. ரத்தம் கீது, கன்னத்துல ஒட்டிக்கும்."

"கையை விடு, சீட் போயிடும்," என்றார் கணவர்.

"போகட்டும். நின்னுட்டே போலாம்," என்றேன்.